நசுக்கினால்தான் நெடி: கந்தக அமினோ அமிலங்களை வெட்டும் நொதிகள்

ஆம்பூர்ப் பக்கத்தில் பிரியாணிக்கு இஞ்சியும் பூண்டும் அரைபடும் வீட்டின் நெடி, அடுப்புப் பற்றவைப்பதற்கு முன்பே தெருமுனைக்கு வந்துவிடும். அதே வீட்டில் மறுநாள் பூண்டுக் காரக்குழம்பு வைத்தால், முதல் நாளுக்குக் குறையாத பூண்டு அதிலும் விழும். ஆனால் உரித்த பற்கள் முழுதாகவே நல்லெண்ணெயில் வதங்கிப் புளிக்கரைசலில் வெந்து, சாப்பிடும்போது ஏறத்தாழ இனிப்பாக இருக்கும். பூண்டு ஒன்றுதான். நசுக்கியதா, நசுக்காததா என்பது மட்டுமே வேறுபாடு. இன்னும் எளிதாகச் சோதிக்க வேண்டுமானால், அடிபடாத ஒரு பல்லை மூக்கருகே கொண்டுபோய்ப் பாருங்கள். வாசனை இருக்கிறதா இல்லையா என்று ஐயப்படும்படிதான் இருக்கும். நகத்தால் ஒரு கீறல் போட்டுச் சில நொடிகள் பொறுத்தால் நெடி கிளம்பிவிடும். ஆகவே அந்த நெடிக்குரிய பொருள் பூண்டுக்குள் முன்பே அடைபட்டுக் கிடந்ததன்று. கீறிய பிறகு உண்டானது. அதை உண்டாக்கியது ஒரு நொதி. அந்த நொதி செய்ததெல்லாம், கந்தகம் கொண்ட ஓர் அமினோ அமிலத்தைக் கந்தகம் ஒட்டியிருந்த இடத்தில் வெட்டியதுதான்.

பூண்டு, வெங்காயம், அழுகிய முட்டை, சொத்தைப் பல்லின் வாடை, வேர்க்கடலையாகிய மல்லாட்டைச் செடியின் வேர்முடிச்சு ஆகியவை ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும். இவை அனைத்திலும் நடப்பது கார்பனுக்கும் கந்தகத்துக்கும் இடையிலுள்ள பிணைப்பை அறுக்கும் ஒரே வேலை. எந்த இடத்தில் அறுக்கிறது, அறுத்தெடுத்த கந்தகத்தை என்ன செய்கிறது என்பதில்தான் நொதிகள் வேறுபடுகின்றன. அதைப் புரிந்துகொள்ள, முதலில் அறுபடும் பொருளைப் பார்க்க வேண்டும்.

புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த சரம். பொதுவாகப் புரதங்களில் வரும் இருபது அமினோ அமிலங்களில் கந்தகம் உள்ளவை இரண்டே: சிஸ்டீன், மெத்தியோனின். இரண்டு சிஸ்டீன்கள் தம் கந்தகங்களால் கைகோத்துக்கொண்டால் கிடைப்பது சிஸ்டின். இதைத்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். 1810-இல் வில்லியம் ஹைட் வொல்லஸ்டன் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் சிறுநீர்ப்பைக் கல்லிலிருந்து பிரித்தெடுத்தார். சிறுநீர்ப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே இதன் பெயரும் வந்தது. மெத்தியோனின் வெகுகாலம் கழித்து, 1920-களின் தொடக்கத்தில், பால் புரதத்திலிருந்து கிடைத்தது.

எல்லா அமினோ அமிலங்களுக்கும் நடுவில் ஒரு கார்பன் உண்டு. அதற்கு ஆல்பா கார்பன் என்று பெயர். அதன் ஒரு பக்கம் நைட்ரஜன் உள்ள அமினோ தொகுதியும், மறுபக்கம் அமிலத் தொகுதியும், இவற்றோடு ஒரு ஹைட்ரஜனும், ஒரு வாலும் இருக்கும். அந்த வால்தான் ஓர் அமினோ அமிலத்தை மற்றொன்றிலிருந்து வேறுபடுத்துவது. சிஸ்டீனின் வால் மிகக் குட்டையானது: ஆல்பாவை அடுத்து பீட்டா என்ற ஒரே ஒரு கார்பன், அதன் நுனியில் கந்தகம், கந்தகத்தின் மேல் ஒரு ஹைட்ரஜன், அவ்வளவுதான். மெத்தியோனினின் வால் சற்று நீளமானது: பீட்டா, அதற்கடுத்து காமா என்ற இன்னொரு கார்பன், அதற்குப் பிறகே கந்தகம், அந்தக் கந்தகத்தின் மறுமுனையில் மெத்தில் என்ற கார்பன் தொப்பி ஒன்று. இந்த ஒரு கார்பன் தூர வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நாற்றத்தின் வகையையே அது தீர்மானிக்கப்போகிறது.

நொதி என்பது ஒரு வேதிவினையை விரைவுபடுத்தித் தான் தீர்ந்துபோகாமல் இருக்கும் புரதம் என்று பள்ளியில் படித்திருப்போம். இந்தக் கட்டுரையின் நொதிகளில் பெரும்பாலானவை புரதத்தை மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்வதில்லை. நம் வீட்டு அருவாமனையில் கட்டை ஒன்று, இரும்பு ஒன்று. வெட்டுவது இரும்பு, ஆனால் இரும்பை அசையாமல் பிடித்து நிறுத்தி, எந்தக் கோணத்தில் காய் வந்து படவேண்டும் என்று தீர்மானிப்பது கட்டை. இங்கே இரும்பின் இடத்தில் இருப்பது பைரிடாக்சல் பாஸ்பேட் என்ற சிறிய மூலக்கூறு. நாம் வைட்டமின் பி6 என்று மாத்திரையாக விழுங்குவதன் செயல்வடிவம்தான் அது. கட்டையின் இடத்தில் புரதம். அருவாமனையில் கத்தி நகர்வதில்லை, காய்தான் அதனிடம் வரும். இங்கும் அமினோ அமிலம்தான் வந்து சேர்கிறது.

ஆனால் பைரிடாக்சல் பாஸ்பேட்டுக்குக் கூர் எதுவும் கிடையாது என்பதால் உவமையை இத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வினை நடக்கும் விதம் இதுதான். பைரிடாக்சல் பாஸ்பேட், வேலை இல்லாத நேரத்தில், நொதியின் லைசின் என்ற அமினோ அமிலத்தோடு பிணைந்திருக்கும். சிஸ்டீனைப் போன்ற ஒன்று உள்ளே வந்ததும், அதன் அமினோ தொகுதி லைசினை விலக்கிவிட்டு அந்த இடத்தில் தான் பிணைந்துகொள்ளும். இப்போது பைரிடாக்சல் பாஸ்பேட் அந்த அமினோ அமிலத்தின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கத் தொடங்கும். அந்த இழுப்பில் ஆல்பா கார்பனில் இருந்த ஹைட்ரஜன் பிடி தளர்ந்து கழன்றுவிடும். அது விட்டுச்சென்ற எலக்ட்ரான்கள் பக்கத்து பீட்டா கார்பனை நோக்கி நகர, அங்கே ஒட்டிக்கொண்டிருந்த கந்தகத்துக்கு இடமில்லாமல் போய், அதுவும் கழன்றுவிடும். எஞ்சிய துண்டு நிலையற்றது. அது நீரோடு சேர்ந்து தானாகவே இரண்டாகப் பிரிந்து, பைருவேட் என்ற மூன்று கார்பன் அமிலமாகவும் அம்மோனியாவாகவும் ஆகிவிடும். சர்க்கரையை உடைத்து ஆற்றல் எடுக்கும்போது எல்லா உயிரணுக்களிலும் உண்டாகும் அதே பைருவேட்தான் இது. ஆகவே அதில் வீணாவதற்கு ஒன்றுமில்லை. செடியோ பாக்டீரியாவோ அதைத் தன் அன்றாடச் செலவில் சேர்த்துக்கொள்ளும். பைரிடாக்சல் பாஸ்பேட் இருப்பதாலேயே இந்த நொதிகளைத் தூய்மையாகப் பிரித்துக் கரைசலாக வைத்தால் வெளிர் மஞ்சளாகத் தெரியும்.

இனி பூண்டுக்குத் திரும்பலாம். பூண்டுப் பல்லில் சேமித்து வைக்கப்படுவது வெறும் சிஸ்டீன் அன்று. அதன் கந்தகத்தின் மேல் அல்லைல் என்ற மூன்று கார்பன் தொகுதி ஒன்றும், ஓர் ஆக்சிஜனும் ஏற்றப்பட்ட வடிவம். இதற்கு அல்லியின் என்று பெயர். இது தன்னளவில் மணமற்றது. இதை வெட்டும் நொதி அல்லினேஸ்; பல்லின் மொத்தப் புரதத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இந்த ஒரே நொதிதான் என்றால், அந்தச் செடி இதற்கு எவ்வளவு செலவிடுகிறது என்று எண்ணிப்பாருங்கள். ஆனால் அல்லியினையும் அல்லினேஸையும் பூண்டு ஒரே அறையில் வைப்பதில்லை. நொதியை வெற்றிடக் குமிழி எனப்படும் உள்ளறையில் பூட்டி வைக்கிறது. அல்லியின் அதற்கு வெளியே இருக்கிறது. பல் நசுங்கும்போது அந்தச் சுவர்கள் உடைந்து இரண்டும் கலக்கின்றன. வெட்டு விழுகிறது. கழன்று வரும் கந்தகத் துண்டுகள் இரண்டிரண்டாக உடனே சேர்ந்து அல்லிசின் ஆகின்றன. அந்த அல்லிசின்தான் நம் மூக்கில் ஏறும் நெடி, பச்சைப் பூண்டைக் கடித்தால் நாக்கைச் சுடும் காரம், வேரைக் கடிக்க வரும் புழுவுக்கும் பூஞ்சைக்கும் விழும் அடி. நஞ்சை ஆயத்தமாக வைத்திருந்தால் அது செடியையே பாதிக்கும். ஆகவே தாக்குதல் நடந்த இடத்தில், நடந்த நொடியில் மட்டும் அதைத் தயாரித்துக்கொள்ளும் ஏற்பாடு இது.

அல்லிசினை 1944-இல் அமெரிக்காவில் செஸ்டர் கவல்லிட்டோவும் உடன் பணியாற்றியவரும் பிரித்தெடுத்தனர். ஆனால் அது எதிலிருந்து வருகிறது என்பது சில ஆண்டுகள் கழித்தே, சுவிட்சர்லாந்தில் ஆர்தர் ஸ்டோலும் எவால்டு சீபெக்கும் அல்லியினையும் அதை வெட்டும் நொதியையும் கண்டறிந்தபோது விளங்கியது. விளைபொருளை முதலில் பிடித்து, மூலப்பொருளைப் பின்னால் தேடிப்போன கதை இது.

சமையலறையில் நாம் அறியாமலே இந்த நொதியோடு பழகிக்கொண்டிருக்கிறோம். முழுப் பல்லைச் சூடான எண்ணெயில் போட்டால், சுவர்கள் இளகுவதற்குள் வெப்பம் நொதியின் வடிவத்தைக் கெடுத்துவிடுகிறது. பிறகு அல்லியின் வெளியே வந்தாலும் அதை வெட்ட ஆளில்லை. காரக்குழம்புப் பூண்டு இனிப்பதன் காரணம் அதுதான். மிகுந்த புளிப்பிலும் அல்லினேஸ் செயலிழந்துவிடும் என்பதால், பூண்டை எலுமிச்சைச் சாற்றிலேயே போட்டு அரைத்தால் நெடி குறையும். பிரியாணிக்கு அரைப்பவர் விழுதை உடனே வாணலியில் கொட்டாமல் சில நிமிடம் வைத்திருந்தால் வெட்டு வேலை முழுமையாக முடிந்திருக்கும். அதைக் கைப்பக்குவம் என்போர் உண்டு. நொதிக்கு நேரம் கொடுத்தது என்றும் சொல்லலாம். பூண்டு ஊறுகாய் சில சமயம் பச்சையாகவோ நீலமாகவோ மாறிப் பார்ப்பவரை அச்சுறுத்துவதும் இதே வெட்டின் விளைவுதான்: வெட்டில் பிறந்த கந்தகச் சேர்மங்கள் பூண்டின் மற்ற அமினோ அமிலங்களோடு வினைபுரிந்து நிறமிகளாகின்றன. அது செம்புப் பாத்திரத்தின் களிம்பு என்று எண்ணி ஜாடியையே கொட்டியவர்களை நான் அறிவேன்.

வெங்காயத்திலும் இதே ஏற்பாடுதான், ஓர் அடி கூடுதலாக. அதில் உள்ள சேமிப்புப் பொருளின் வால் சற்று வேறு. அல்லினேஸ் அதை வெட்டியதும் வரும் துண்டை இன்னொரு நொதி பிடித்து, ஆவியாகிக் கண்ணுக்கு வரும் பொருளாக மாற்றுகிறது. அந்தக் கண்ணீர் நொதி 2002-இல் ஜப்பானிய ஆய்வாளர்களால் கண்டறியப்பட்டது. அதுவரை அல்லினேஸ் வெட்டிய துண்டு தானாகவே கண்ணீர்ப் பொருளாக மாறுவதாகவே கருதியிருந்தனர். இங்கே பைருவேட்டின் பயனையும் ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு பைருவேட் விழுவதால், நசுக்கிய வெங்காயத்தில் எவ்வளவு பைருவேட் சேர்ந்திருக்கிறது என்று அளந்தே அதன் காரத்தைக் கணக்கிடுகிறார்கள். அறுவடைக்குப் பின் போர் அடித்த நெல்லை விட்டுவிட்டு வைக்கோலை அளந்து விளைச்சலைச் சொல்வதுபோன்ற முறை, ஆனால் நம்பத்தக்கது.

வேலி ஓரத்துத் தொட்டாற்சிணுங்கியை வேரோடு பிடுங்கிப் பார்த்தவர்களுக்கு ஒரு கெட்ட வாடை நினைவிருக்கலாம். அதன் வேரில் இரண்டு சிஸ்டீன்களை ஒரு கார்பனால் இணைத்த வேறொரு சேமிப்புப் பொருள் உண்டு; அங்கும் இதே குடும்பத்து நொதி ஒன்று வெட்டி, கார்பன் டைசல்பைடு என்ற ஆவியை வெளிவிடுகிறது. இலை சுருங்குவதைக் காட்டித்தான் பிள்ளைகளுக்கு இந்தச் செடியை அறிமுகப்படுத்துகிறோம். வேரை முகரச் சொல்லுவதில்லை.

செடிகள் தற்காப்புக்குச் செய்வதைப் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் வயிற்றுப்பாட்டுக்குச் செய்கின்றன. புரதம் கிடைக்கும் இடத்தில் குடியேறும் பாக்டீரியா, முதலில் அந்தச் சரத்தை அமினோ அமிலங்களாகப் பிரிக்கும். பிறகு சிஸ்டீனைச் சிஸ்டீன் டீசல்ப்ஹைட்ரேஸ் என்ற வகை நொதியால் வெட்டும். சிஸ்டீனின் கந்தகத்தின் மேல் இருப்பது ஒரு ஹைட்ரஜன் மட்டுமே என்பதால், கழன்று வருவது ஹைட்ரஜன் சல்பைடு. அதாவது அழுகிய முட்டையின் நாற்றம். கூடவே பைருவேட், அம்மோனியா. பைருவேட்டைத் தின்று ஆற்றல் எடுத்துக்கொள்ளலாம். அம்மோனியாவிலிருந்து நைட்ரஜனை எடுத்துக்கொள்ளலாம். இன்னொரு காரணமும் உண்டு: உயிரணுவுக்குள் சிஸ்டீன் தேவைக்கு மேல் சேர்ந்தால் அது நஞ்சாகிறது; இரும்போடு சேர்ந்து டிஎன்ஏவைச் சேதப்படுத்தும் வினைகளுக்கு வழிவகுக்கிறது. ஆகவே இந்த வெட்டு, உணவு தேடும் வேலையாக இருப்பதோடு, மிகுதியை வெளியேற்றும் மதகாகவும் இருக்கிறது. பாக்டீரியாக்கள் இப்படி உண்டாக்கும் ஹைட்ரஜன் சல்பைடு, ஆன்டிபயாட்டிக் மருந்துகளின் தாக்குதலிலிருந்து அவற்றைக் காக்கிறது என்று 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அந்த நொதிகளை அடக்கினால் பழைய மருந்துகளுக்கே வலுக் கூடுமா என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

வகுப்பில் ஒருமுறை இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது வாணியம்பாடியிலிருந்து வந்த மாணவர் ஒருவர் எழுந்து, "சார், அப்போ டேனரிப் பக்கம் வர்ற நாத்தமும் இதே நொதிதானா?" என்று கேட்டார். தோல் பதனிடும் ஆலைகள் உள்ள ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை வழியாகப் போய்வருகிறவர்களுக்கு இயல்பாக எழும் கேள்வி. ஆம் என்று சொல்லிவிட்டால் அது பாதி தவறாகிவிடும். அங்கே வரும் ஹைட்ரஜன் சல்பைடுக்கு மூன்று வேறு வேறு ஊற்றுகள் உண்டு. மூன்றையும் பிரித்துப் பார்த்தால்தான் நொதி என்பது எது, நொதி அல்லாதது எது என்பது விளங்கும்.

முதல் ஊற்று நொதியே அன்று. தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடைச் சேர்க்கிறார்கள். மயிர் என்பது கெரட்டின் என்ற புரதம். அதில் சிஸ்டீன் மிக மிகுதி, அவை இரண்டிரண்டாகக் கந்தகத்தால் பின்னிக்கொண்டிருப்பதால்தான் மயிருக்கு அந்த உறுதி. சல்பைடு அந்தக் கந்தகப் பின்னலை அவிழ்த்துவிட, மயிர் கூழாகிவிடுகிறது. தோலின் உடல் மட்டும் ஏன் கரைவதில்லை என்று கேட்டால், அது கொல்லாஜன் என்ற வேறொரு புரதத்தால் ஆனது. அதில் சிஸ்டீன் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அவிழ்ப்பதற்குப் பின்னல் இல்லாத இடத்தில் சல்பைடால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு தொழில் முழுவதும் ஓர் அமினோ அமிலம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்ற வேறுபாட்டின் மேல் நிற்பதை நான் வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் கண்டதில்லை. அந்தச் சல்பைடு நீர், காரத்தன்மையோடு இருக்கும்வரை அடங்கிக் கிடக்கும். அமிலம் கலந்த நீரோடு சேர்ந்தால் வாயுவாக எழும்.

இரண்டாவது ஊற்று, கழிவுநீரில் உள்ள சல்பேட் உப்பு. காற்றில்லாத அடிச்சேற்றில் சில பாக்டீரியாக்கள், நாம் ஆக்சிஜனைச் சுவாசிப்பதுபோலச் சல்பேட்டைச் சுவாசித்து, ஹைட்ரஜன் சல்பைடை வெளிவிடுகின்றன. இதில் நொதிகள் உண்டு. ஆனால் அமினோ அமிலம் எதையும் அவை வெட்டுவதில்லை. மூன்றாவதுதான் நம் கதை: கழிவோடு வரும் புரதத்தையும் கூழான மயிரையும் தின்று, சிஸ்டீனை வெட்டும் பாக்டீரியாக்கள். மூன்றிலிருந்தும் வருவது ஒரே வாயு என்பதால் மூக்குக்கு வேறுபாடு தெரியாது. ஒன்று மட்டும் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்: இந்த வாயு குறைந்த அளவில்தான் நாறும், காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கை நெருங்கும்போது முகரும் திறனையே மரத்துப்போகச் செய்துவிடும். தொட்டிக்குள் இறங்கியவருக்கு நாற்றம் நின்றுபோனால், அது காற்று தெளிந்ததன் அறிகுறி அன்று, ஆபத்து முற்றியதன் அறிகுறி.

அவித்த முட்டையின் மஞ்சள் கருவைச் சுற்றி வரும் பச்சைச் சாம்பல் வளையமும் நொதியின் வேலை அன்று. நெடுநேரம் வேகும்போது வெள்ளைக் கருவின் சிஸ்டீனிலிருந்து வெப்பமே கந்தகத்தைக் கழற்றிவிட, அது மஞ்சள் கருவின் இரும்போடு சேர்ந்து இரும்புச் சல்பைடு ஆகிறது. வெப்பம் நெடுநேரத்தில் சிறிதளவு செய்வதை, நொதி சாதாரண வெயிலில் நொடிகளில் செய்கிறது என்பதுதான் ஒப்பிட வேண்டியது. இதுபோல உலோகத்தோடு கந்தகம் சேர்ந்து வரும் கறுப்பை மருத்துவ ஆய்வகங்கள் ஓர் அடையாளமாகப் பயன்படுத்துகின்றன. ஈய அசிட்டேட்டில் தோய்த்த காகிதத்தைச் சோதனைக் குழாயின் வாயில் செருகி வைத்தால், உள்ளே வளரும் பாக்டீரியா சிஸ்டீனை வெட்டுகிறதா என்பதைக் காகிதம் கறுப்பதிலிருந்து அறியலாம். சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமியைக் காட்டிக்கொடுக்கும், மூன்று சர்க்கரைகள் கலந்த வளர்ப்பு ஊடகத்தில் தெரியும் கறுப்பு பெரும்பாலும் அதில் சேர்த்துள்ள தயோசல்பேட் என்ற கந்தக உப்பிலிருந்து வருவது. அதையும் சிஸ்டீன் வெட்டென்று மாணவர்கள் எழுதிவிடுவதுண்டு.

மெத்தியோனினுக்கு வருவோம். அதன் கந்தகம் ஒரு கார்பன் தள்ளி, காமாவில் இருப்பதால் அருவாமனையின் கோணமும் மாறியாக வேண்டும். மெத்தியோனின் காமா லையேஸ் என்ற நொதி, பைரிடாக்சல் பாஸ்பேட்டின் அதே இழுப்பை ஒரு படி நீட்டி, ஆல்பாவிலிருந்து பீட்டாவுக்கும், பீட்டாவிலிருந்து காமாவுக்குமாக எலக்ட்ரான்களைக் கைமாற்றிக் கந்தகத்தைக் கழற்றுகிறது. கழன்று வரும் கந்தகம் தன் மெத்தில் தொப்பியோடு வருவதால், கிடைப்பது ஹைட்ரஜன் சல்பைடு அன்று, மெத்தேன்தயால். அழுகிய முட்டைக்குப் பதில் அழுகிய முட்டைக்கோசு. எஞ்சுவது மூன்று கார்பன் பைருவேட்டுக்கு மாறாக நான்கு கார்பன் கீட்டோபியூட்டிரேட். ஷூவைக் கழற்றியதும் வரும் வாடைக்கும், சில மேலைநாட்டுச் சீஸ் வகைகளின் வாடைக்கும் இருக்கும் உறவு வெறும் தோற்றமன்று. அந்தச் சீஸின் மேல்தோலில் வளர்க்கப்படும் பிரெவிபாக்டீரியத்தின் இனத்தவைதான் கால் விரலிடுக்கிலும் வாழ்கின்றன, இரண்டிடத்திலும் மெத்தியோனினை வெட்டுகின்றன. வாய்நாற்றத்திலும் பல்லீறு இடுக்கின் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் மெத்தேன்தயாலுக்குப் பெரும் பங்கு உண்டு. தென்கிழக்காசியாவின் துரியன் பழத்தின் மரபணுத்தொகுதியை 2017-இல் படித்தவர்கள், மெத்தியோனின் காமா லையேஸின் மரபணு அதில் பலமடங்கு பெருகியிருப்பதைக் கண்டார்கள். அந்தப் பழத்தைப் பேருந்தில் ஏற்றக்கூடாது என்று சில நகரங்களில் தடை போட்டிருப்பதற்குக் காரணம் கடைசியில் இதுதான்.

அப்படியானால் மற்ற செடிகளில் இந்த நொதி இல்லையா என்றால், உண்டு. கடுகுக் குடும்பத்தின் சிறு செடியான அராபிடாப்சிஸில் இதைப் படித்திருக்கிறார்கள். அது மெத்தியோனினை வெட்டிக் கிடைக்கும் கீட்டோபியூட்டிரேட்டை ஐசோலூசின் என்ற வேறோர் அமினோ அமிலமாக மாற்றிக்கொள்கிறது. மெத்தேன்தயாலைக் காற்றில் விடாமல் பிடித்து மெத்தில் சிஸ்டீனாக முடித்து வைக்கிறது. வெட்டு நடந்தும் வாடை வருவதில்லை. செடிகளில் இன்னொரு மெத்தியோனின் வெட்டும் நடக்கிறது. மெத்தியோனினை முதலில் அடினோசில் என்ற தொகுதியோடு சேர்த்து, அதன்பின் பைரிடாக்சல் பாஸ்பேட் கொண்ட நொதியால் கந்தகத்தைப் பிரித்து, மிச்சத் துண்டிலிருந்து எத்திலீன் வாயுவை உண்டாக்குகின்றன. வாழைத்தாரைப் பழுக்க வைக்கும் எத்திலீன் அதுவே. பிரிந்த கந்தகப் பகுதியைச் செடி வீசிவிடாமல் மீண்டும் மெத்தியோனினாகக் கட்டிக்கொள்கிறது. கந்தகத்தை மண்ணிலிருந்து சல்பேட்டாக எடுத்து, நிறைய ஆற்றல் செலவிட்டுச் சிஸ்டீனாக்கியிருப்பதால், ஒவ்வொரு அணுவும் அதற்கு அருமையானது.

சிஸ்டீனை வெட்டும் நொதியும் செடிகளில் உண்டு. 2010-இல் ஸ்பெயினின் ஆய்வாளர்கள் அராபிடாப்சிஸில் டெஸ்1 என்று பெயரிட்ட ஒன்றைக் கண்டார்கள். அது மிகச் சிறிய அளவில் ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்குகிறது. நாற்றத்துக்காகவோ உணவுக்காகவோ அன்று, செய்தி சொல்வதற்காக. மண் வறண்டு செடி தவிக்கும்போது, இலைத்துளைகளை மூடச் சொல்லும் அறிவிப்பில் இந்த வாயுவும் ஓர் ஆளாக நிற்கிறது. ஆடியில் விதைத்து, அடுத்த மழைக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் மானாவாரிக் காட்டில், இலைத்துளைகள் எப்போது மூடுகின்றன என்பது நம் பக்கத்துக்கு அன்னியமான கேள்வி அன்று.

மானாவாரி என்றதும் வட ஆர்க்காட்டில் நினைவுக்கு வருவது வேர்க்கடலை. நாங்கள் மல்லாட்டை என்போம். மல்லாட்டைச் செடியைப் பிடுங்கினால் வேரில் சிறு உருண்டைகள் தெரியும். அவற்றுக்குள் வாழும் பாக்டீரியாக்கள் காற்றின் நைட்ரஜனைச் செடிக்கு உரமாக்கித் தருகின்றன. அந்த வேலையைச் செய்யும் நைட்ரஜனேஸ் என்ற நொதியின் நெஞ்சில், இரும்பும் கந்தகமும் சேர்ந்த சிறு கொத்துகள் இருக்கின்றன. நைட்ரஜனை நேரே பிடிக்கும் கொத்தில் மட்டும் ஏழு இரும்பு, ஒன்பது கந்தகம், கூட ஒரு மாலிப்டினம். இந்தக் கந்தகம் எங்கிருந்து வந்தது? சிஸ்டீனிலிருந்து. வெட்டித் தந்த நொதி, சிஸ்டீன் டீசல்பியூரேஸ். இந்த வகையில் முதலில் அறியப்பட்டது நிஃப்எஸ் என்ற நொதி. மண்ணில் தனித்து வாழ்ந்தே நைட்ரஜனைப் பிடிக்கும் அசோடோபாக்டரில், 1993-இல் டென்னிஸ் டீன் குழுவினர் அதன் வேலையைக் கண்டறிந்தனர்.

இந்த நொதியும் பைரிடாக்சல் பாஸ்பேட்டைத்தான் பயன்படுத்துகிறது. இதுவும் பீட்டா கார்பனில்தான் வெட்டுகிறது. ஆனால் வெட்டும் விதம் வேறு. மற்றவை கந்தகத்தைத் தானாகக் கழன்றுபோக விடுகின்றன. இதுவோ தன்னுடைய சொந்த சிஸ்டீன் ஒன்றை நீட்டி, வந்த சிஸ்டீனின் கந்தகத்தைக் கையால் பறிப்பதுபோலப் பறித்து வைத்துக்கொள்கிறது. அமினோ அமிலத்தின் மிச்சப் பகுதி பைருவேட்டாகச் சிதையாமல், அலனின் என்ற முழு அமினோ அமிலமாகவே திரும்பிப் போகிறது. அம்மோனியாவும் விழுவதில்லை. பறித்த கந்தகத்தை இந்த நொதி அடுத்து நிற்கும் புரதத்தின் மேல் இறக்கி வைக்க, அங்கே இரும்போடு சேர்ந்து கொத்து உருவாகிறது. அது அங்கிருந்து நைட்ரஜனேஸுக்குப் போய்ப் பொருந்துகிறது. நம் கடலைச் செடியின் பசுங்கணிகங்களில், ஒளியின் ஆற்றலைக் கடத்தும் இரும்புக் கந்தகப் புரதங்களுக்கும் இதே உறவுக்கார நொதிகள்தான் கந்தகம் தருகின்றன. நாற்பது நாள் பயிருக்கு மண் அணைக்கும்போது போடும் ஜிப்சத்தை நாம் பெரும்பாலும் காய் திரள்வதற்கான சுண்ணாம்புச் சத்தாகவே நினைக்கிறோம். அதே மூட்டையில் வரும் சல்பேட், வேர்வழி ஏறிச் சிஸ்டீனாகி, இந்த நொதிகளின் கைக்கும் வந்து சேர்கிறது.

கந்தகம் ஒரு நொதியின் கையிலிருந்து அடுத்ததன் கைக்குப் போகும் இந்தப் பாதையில், அது ஓரிடத்திலும் காற்றில் விடப்படுவதில்லை. பூண்டை நசுக்கினால் தெரு அறிகிறது. ஆனால் மல்லாட்டை வேர்முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு தெரிகிறது, ஈரமண் வாசம் வருகிறது, கந்தக நெடி மட்டும் வருவதில்லை.